மன்னரின் வழக்கறிஞர், காங்கிரஸின் முதல் தலைவர்: பெய்ட்டன் ரண்டால்ஃபும் பிளவுண்ட குடும்பமும்

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் 56 பேரின் கையெழுத்துகள் உள்ளன. காங்கிரஸின் தலைவர் என்ற முறையில் ஜான் ஹான்காக் இட்ட பெரிய கையெழுத்து அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒன்று. ஆனால் ஹான்காக்குக்கு முன்னர் அதே பதவிக்கு இருமுறை தேர்ந்தெடுக்கப்பட்ட பெய்ட்டன் ரண்டால்ஃபின் பெயர் அந்த ஆவணத்தில் இல்லை. பிரகடனம் ஏற்கப்படுவதற்கு எட்டரை மாதங்களுக்கு முன்பு, 1775ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி, பிலடெல்பியா நகரில் ஒரு விருந்தின்போது பக்கவாதம் தாக்கி அவர் உயிரிழந்தார்.

வர்ஜீனியாவில் பிரிட்டிஷ் மன்னரின் சார்பில் வழக்காடும் அரசு வழக்கறிஞராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவர் இவர். அதே மன்னரின் நாடாளுமன்றத்துக்கு எதிராகக் குடியேற்ற நாடுகள் ஒன்று திரண்டபோது, அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததல்ல. அவரது குடும்பத்தில் எல்லோரும் அந்த மாற்றத்தைப் பின்பற்றவும் இல்லை.

சட்டமே குடும்பச் சொத்து

ரண்டால்ஃப் குடும்பம் வர்ஜீனியாவின் மிகப் பெரிய நிலவுடைமைக் குடும்பங்களில் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய வில்லியம் ரண்டால்ஃபுக்கும் அவரது மனைவி மேரி ஐஷமுக்கும் பிறந்த பிள்ளைகளின் வழித்தோன்றல்கள், பின்னர் அம்மாநிலத்தின் அரசியலில் எங்கும் நிறைந்திருந்தனர். மூன்றாவது அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், பிற்காலத்தில் உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் லீ ஆகியோர் இந்த வழியில் வந்தவர்களே.

வில்லியமின் புதல்வர்களில் ஒருவரான ஜான் ரண்டால்ஃப், லண்டனில் சட்டம் பயின்று வர்ஜீனியாவின் முன்னணி வழக்கறிஞரானார். 1732ஆம் ஆண்டில் அவருக்கு 'சர்' பட்டம் அளிக்கப்பட்டது. குடியேற்றக் கால வர்ஜீனியாவில் பிறந்த வேறு எவருக்கும் இந்தக் கௌரவம் கிடைக்கவில்லை. 1737ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது, தமது சட்ட நூல்களை மகன் பெய்ட்டனுக்கு விட்டுச் சென்றார். மகனும் சட்டம் பயில வேண்டும் என்பது அவரது விருப்பம்.

பெய்ட்டன் அவ்வாறே செய்தார். வில்லியம்ஸ்பர்க் நகரின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியிலும், பின்னர் லண்டனின் மிடில் டெம்பிள் சட்டக் கழகத்திலும் பயின்று, 1744ஆம் ஆண்டில் வர்ஜீனியாவின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது மன்னரின் தலைமை வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். குடும்பப் பெயரும் லண்டன் படிப்பும் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு இந்த நியமனமே சான்று.

1746ஆம் ஆண்டில் அவர் எலிசபெத் ஹாரிசனை மணந்தார். பெட்டி என்று அழைக்கப்பட்ட அவரது சகோதரர் பெஞ்சமின் ஹாரிசன் பின்னாளில் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். பெய்ட்டன்-பெட்டி தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி ஜானின் மகன் எட்மண்டிடம் பெரியப்பா காட்டிய பாசத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு தங்க நாணயத்துக்கான வழக்கு

மன்னரின் வழக்கறிஞர் முதன்முதலாக மன்னரின் பிரதிநிதியோடு மோதியது 1753ஆம் ஆண்டில். நிலப் பட்டா ஒவ்வொன்றிலும் அரசு முத்திரை பதிக்க, பிஸ்டோல் எனப்படும் ஒரு ஸ்பானியத் தங்க நாணயத்தைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்று ஆளுநர் பொறுப்பிலிருந்த ராபர்ட் டின்விடி உத்தரவிட்டார். தொகை பெரிதல்ல. ஆனால் மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதலின்றி விதிக்கப்படும் எந்தக் கட்டணமும் வரியே என்று வர்ஜீனியாவின் சட்டமன்றமான பர்ஜஸ் சபை வாதிட்டது. தனது வாதத்தை லண்டனில் எடுத்துரைக்க அது தேர்ந்தெடுத்த தூதர் பெய்ட்டன் ரண்டால்ஃப்.

ஆளுநரின் அனுமதியின்றி அவர் கப்பலேறினார். பதவி பறிக்கப்பட்டது. லண்டனில் மன்னரின் ஆலோசனை மன்றம் 1754ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு இரு தரப்புக்கும் பாதி வெற்றி: கட்டணம் வசூலிக்கும் உரிமை ஆளுநருக்கு உண்டு, ஆனால் நூறு ஏக்கருக்குக் குறைவான நிலங்களுக்கும் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள நிலங்களுக்கும் அது பொருந்தாது. ரண்டால்ஃபுக்குப் பழைய பதவி திரும்பக் கிடைத்தது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்ற முழக்கம் பரவுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, அதன் சாரத்தை ஒரு அரசு வழக்கறிஞர் லண்டனில் முன்வைத்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் அவரைப் புரட்சிக்காரர் என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1764ஆம் ஆண்டில், முத்திரைத் தீர்வை விதிக்கும் திட்டத்தை எதிர்த்து மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மனுக்கள் தயாரித்த குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். ஆனால் மறு ஆண்டு, அதே வரிக்கு எதிராக இளம் உறுப்பினர் பேட்ரிக் ஹென்றி கடுமையான தீர்மானங்களைக் கொண்டுவந்தபோது ரண்டால்ஃப் அவற்றை எதிர்த்தார். மனுக்களுக்குப் பதில் வராத நிலையில் இத்தகைய சொற்கள் கூடாது என்பது அவரது தரப்பின் நிலை. மிகக் கடுமையான தீர்மானம் ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்த ஒரு வாக்குக்காக ஐந்நூறு கினி கொடுத்திருப்பேன் என்று ரண்டால்ஃப் ஆத்திரத்துடன் கூறியபடி வெளியேறியதை, வாசலில் நின்றிருந்த மாணவர் ஒருவர் கேட்டார். அந்த மாணவர் ஜெஃபர்சன். அவருடைய தாய் ஜேன், பெய்ட்டனின் பெரியப்பா மகள். தமிழ் உறவுமுறையில் சொல்வதானால், ஜெஃபர்சன் அவருக்கு மருமகன் முறை.

1766ஆம் ஆண்டில் ரண்டால்ஃப் சபாநாயகரானார். அட்டர்னி ஜெனரல் பதவி தம்பி ஜானுக்குச் சென்றது. அண்ணன் மக்கள் சபையின் தலைவர், தம்பி மன்னரின் வழக்கறிஞர். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் இந்த இரு பதவிகளுக்கும் இடையிலான தூரம் அதிகரித்துக்கொண்டே சென்றது.

தலைமை நாற்காலி

பேட்ரிக் ஹென்றியின் நாவன்மையோ ஜெஃபர்சனின் எழுத்தாற்றலோ ரண்டால்ஃபுக்கு இருந்ததில்லை. பருத்த உடலும் நிதானமான போக்கும் உடையவர், உழைப்பில் சற்று மந்தமானவர் என்று ஜெஃபர்சனே பின்னர் எழுதினார். ஆனால் எதிரெதிர்த் தரப்பினரும் அவரை நம்பினர். தீவிரவாதிகளின் கோபத்தையும் மிதவாதிகளின் அச்சத்தையும் ஒரே அறையில் வைத்துப் பேசவைக்கும் திறமை அவருக்கு இருந்தது. புரட்சிகளின் வரலாற்றில் மேடைப் பேச்சுகள் நினைவில் நிற்கின்றன. கூட்டத்தைக் கலையாமல் காத்தவர்கள் மறக்கப்படுகின்றனர்.

1774ஆம் ஆண்டு மே மாதம், பாஸ்டன் துறைமுகத்தை மூடும் பிரிட்டனின் முடிவைக் கண்டித்து உபவாச நாள் ஒன்றை பர்ஜஸ் சபை அறிவித்தது. ஆளுநர் டன்மோர் பிரபு சபையைக் கலைத்தார். உறுப்பினர்கள் அருகிலிருந்த ராலி விடுதியில் கூடி, எல்லாக் குடியேற்ற நாடுகளின் மாநாட்டுக்கு அழைப்பு விடுத்தனர். செப்டம்பர் 5ஆம் தேதி பிலடெல்பியாவின் கார்பென்டர்ஸ் மண்டபத்தில் கூடிய அந்த முதல் கான்டினென்டல் காங்கிரஸ், ரண்டால்ஃபை ஏகமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 13 குடியேற்ற நாடுகளில் ஜார்ஜியா மட்டும் பங்கேற்கவில்லை.

இதனை வைத்து அவரை அமெரிக்காவின் முதல் அதிபர் என்று கூறுவோரும் உண்டு. அது மிகை. அவர் வகித்தது அவைத் தலைவர் பதவி. நிர்வாக அதிகாரம் எதுவும் அதற்கு இல்லை. பிரிட்டிஷ் பொருட்களைப் புறக்கணிக்கும் உடன்படிக்கை அவரது தலைமையில் அக்டோபர் 20ஆம் தேதி ஏற்கப்பட்டது. டிசம்பர் முதல் தேதிக்குப் பின் அடிமைகளை இறக்குமதி செய்வதில்லை என்ற பிரிவும் அதில் இருந்தது. ஏற்கெனவே அடிமைகளாக இருந்தோர் பற்றி அதில் எதுவும் இல்லை.

1775 ஏப்ரல் 21ஆம் தேதி அதிகாலையில், டன்மோரின் உத்தரவின்பேரில் கடற்படையினர் வில்லியம்ஸ்பர்க் ஆயுதக் கிடங்கிலிருந்த வெடிமருந்தை எடுத்துச் சென்றனர். ஆயுதமேந்திய மக்கள் ஆளுநர் மாளிகையை நோக்கித் திரண்டனர். அவர்களைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பியவர்களில் ரண்டால்ஃப் முக்கியமானவர். ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் கூடிய தொண்டர் படையினரும் அவரது கடிதத்தின் பேரில் கலைந்தனர். மாசசூசெட்ஸில் போர் தொடங்கி இரண்டு நாட்களே ஆகியிருந்தன. அந்தச் செய்தி வில்லியம்ஸ்பர்க்கை இன்னும் எட்டியிருக்கவில்லை.

மே மாதம் இரண்டாவது காங்கிரஸுக்கும் அவரே தலைவர். இரு வாரங்களில், வர்ஜீனிய சபையைக் கூட்டுவதற்காக ஊர் திரும்ப வேண்டியிருந்தது. அவரது இடத்துக்கு ஹான்காக் வந்தார்.

தம்பி கப்பலேறினார்

ஜூன் மாதத்தில் ஆளுநர் டன்மோர் போர்க்கப்பல் ஒன்றில் தஞ்சம் புகுந்தார். மன்னருக்குச் செய்த சத்தியத்தை மீற இயலாது என்று கருதிய ஜான் ரண்டால்ஃப், மனைவி ஏரியானாவுடனும் இரு புதல்விகளுடனும் இங்கிலாந்து செல்ல முடிவெடுத்தார். தோட்டக்கலை பற்றி நூல் எழுதியவர், வயலின் இசைப்பவர், ஜெஃபர்சனின் நண்பர். நான்கு ஆண்டுகளுக்கு முன் இருவரும் பாதி விளையாட்டாக ஓர் ஒப்பந்தம் எழுதியிருந்தனர்: ஜான் முதலில் இறந்தால் வயலின் ஜெஃபர்சனுக்கு, ஜெஃபர்சன் முதலில் இறந்தால் அவரது நூல்களில் ஒரு பகுதி ஜானுக்கு. இப்போது யாரும் இறக்கவில்லை. ஆனால் 13 பவுன் விலைக்கு வயலின் கைமாறியது. அதே ஆகஸ்ட் மாதம், சமரசம் ஏற்பட வேண்டும் என்ற ஏக்கத்தை வெளியிட்டு ஜானுக்கு ஜெஃபர்சன் நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார்.

அதே மாதத்தில் ஜானின் ஒரே மகன் எட்மண்ட், ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் அவருடைய உதவியாளராகச் சேர்ந்தார். வயது 22. தந்தையின் பெயர் தன்மீது சந்தேகத்தை ஏற்படுத்தக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். பெரியப்பாவின் பெயர் அவருக்குத் துணைநின்றது. செப்டம்பரில் தந்தை அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டார். அக்டோபரில் பெரியப்பா இறந்தார். மறு ஆண்டு நவம்பரில், பெய்ட்டனின் உடலை பிலடெல்பியாவிலிருந்து கொண்டுவந்து வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் தேவாலயத்தில், சர் ஜானின் அருகே அடக்கம் செய்வித்தவர் எட்மண்டே.

எட்மண்டின் பிற்காலம் தனிக் கட்டுரைக்கு உரியது. வர்ஜீனியாவின் ஆளுநராகவும், அமெரிக்காவின் முதல் அட்டர்னி ஜெனரலாகவும், பின்னர் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். 1787ஆம் ஆண்டில் அரசியல் சாசன மாநாட்டில் வர்ஜீனியத் திட்டத்தை முன்வைத்தவர், இறுதியில் அந்தச் சாசனத்தில் கையெழுத்திட மறுத்தார். மறு ஆண்டு அதையே ஆதரித்தார். எளிதில் ஒரு தரப்பில் நில்லாத குணம் அந்தக் குடும்பத்தில் புதிதல்ல.

லண்டனை அடுத்த பிராம்ப்டனில் ஜான் 1784ஆம் ஆண்டில் காலமானார். அவரது விருப்பப்படி உடல் வர்ஜீனியாவுக்கு அனுப்பப்பட்டு, தந்தைக்கும் அண்ணனுக்கும் அருகில் புதைக்கப்பட்டது. பெய்ட்டனின் நூலகத்தை ஜெஃபர்சன் வாங்கினார். 1814ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படைகள் வாஷிங்டனில் காங்கிரஸின் நூல்களை எரித்த பின், ஜெஃபர்சன் தமது நூல்களை அரசுக்கு விற்றபோது சர் ஜானின் புத்தகங்கள் சிலவும் காங்கிரஸ் நூலகத்தைச் சென்றடைந்தன.

அதே வீட்டில் மற்றவர்கள்

வில்லியம்ஸ்பர்க்கில் ரண்டால்ஃபின் வீடு இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1781ஆம் ஆண்டில் யார்க்டவுன் முற்றுகைக்கு முன் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போ தங்கியதும் இங்கேதான். அந்த முற்றுகையில் தோற்ற கார்ன்வாலிஸ், ஐந்தாண்டுகளுக்குப் பின் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தா வந்தார்.

அந்த வீட்டில் பெய்ட்டனும் பெட்டியும் வசித்தபோது, 27 அடிமைகளும் அங்கே வாழ்ந்து வேலை செய்தனர். எஜமானரின் மரணத்துக்குப் பின் தயாரிக்கப்பட்ட சொத்துப் பட்டியலில், மேசை நாற்காலிகளோடு அவர்களின் பெயர்களும் விலையுடன் இடம்பெற்றன.

ரண்டால்ஃப் இறந்த சில வாரங்களில், 1775 நவம்பரில், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் மன்னரின் படையில் சேர்ந்தால் விடுதலை பெறுவர் என்று டன்மோர் அறிவித்தார். அந்த வீட்டிலிருந்து எட்டுப் பேர் பிரிட்டிஷ் தரப்புக்குச் சென்றனர். அவர்களில் பெட்டியின் அந்தரங்கப் பணிப்பெண் ஈவும் ஒருவர். விடுதலை வேண்டி ஜான் ரண்டால்ஃபின் மன்னரை நாடியவர்கள் இவர்கள். காங்கிரஸுக்குச் சென்றபோது பெய்ட்டனுடன் பிலடெல்பியாவில் இருந்து, அங்கு பேசப்பட்டவற்றைக் காதால் கேட்டிருக்கக்கூடிய பணியாள் ஜானி, பின்னர் எட்மண்டின் உடைமையானார். 1777ஆம் ஆண்டில் அவரும் தப்பியோடினார். எட்மண்ட் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தேடினார்.

ஈவின் பெயர் பெட்டியின் 1780ஆம் ஆண்டு உயிலில் மீண்டும் வருகிறது. அவரும் மகன் ஜார்ஜும் உறவினரான ஒரு பெண்ணுக்கு எழுதி வைக்கப்பட்டனர். யார்க்டவுன் சரணடைவுக்குப் பின் ஈவ் மறுபடி தப்பினார். 1782 பிப்ரவரியில் வெளியான விளம்பரம், அவரைப் பிடித்துத் தருவோருக்கு 20 டாலர் பரிசு அறிவித்தது. வயது நாற்பது இருக்கும், மூக்கில் மச்சம் என்று அடையாளமும் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் பெட்டி தமது உயிலில் ஒரு பிற்சேர்க்கை எழுதினார். ஈவின் தவறான நடத்தையால் அவரை விற்க நேர்ந்தது என்றும், விற்ற பணத்தைக் கொண்டு வேறு இரு அடிமைகளை வாங்க வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது.