கடைசி 74 கிலோமீற்றர்

இலங்கையின் நோர்வூட் பொலிஸ் நிலையத்தில் ஒரு விமானத்தின் டயர் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஏழு கன்னி மலையில் மோதிச் சிதறிய டி.சி.-8 விமானத்தின் டயர் அது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கட்டுநாயக்கவில் இறங்கி, பிறகு ஜித்தாவுக்குப் போகவிருந்த மார்ட்டினேர் நிறுவன விமானம். பயணிகள் 182 பேர், பணியாளர்கள் 9 பேர். ஒருவரும் தப்பவில்லை.

மோதிய இடத்திலிருந்து கட்டுநாயக்க ஓடுபாதை நேர்கோட்டில் சுமார் 74 கிலோமீற்றர். மலைப்பாதையில் பஸ் பிடித்துப் போகிறவர்களுக்கு அது அரைநாள் வேலை. இறங்கத் தொடங்கிய ஜெட் விமானத்துக்கோ பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஓடுபாதையை நெருங்கிவிட்டோம் என்று நம்பி விமானிகள் தாழ இறக்கினார்கள். 4,355 அடி உயரத்தில் மலை நின்றது.

எப்படி இவ்வளவு தவற முடியும் என்று கேட்பதற்கு முன் ஒரு கணக்குப் பார்க்கலாம். சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்க ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். அதில் 74 என்பது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பெரும்பகுதி கடல், கீழே பார்த்து அடையாளம் சொல்ல ஒன்றும் கிடையாது.

அந்தக் காலத்தில் இத்தகைய நெடும் பயணங்களில் கைகொடுத்தது டொப்ளர் கருவி. விமானத்தின் அடியிலிருந்து சாய்வாக ரேடியோ அலைகளைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்கும். நெருங்கி வரும் ரயிலின் ஹோர்ன் சத்தம் கூர்மையாகக் கேட்டு, தாண்டிப் போனதும் தடித்துப்போகிறதல்லவா, அதே விதிதான். அலையின் மாற்றத்திலிருந்து வேகம் தெரியும். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் வந்த தூரம். இதில் ஒரு சங்கடம்: சிறு பிழையும் மணிக்கு மணி சேர்ந்துகொண்டே போகும். விசாரணை அறிக்கை டொப்ளரையும் வானிலை ராடாரையும் நம்பியதையே சுட்டிக்காட்டியது. அவை காட்டுவதைத் தப்பாகப் புரிந்துகொள்ள இடமிருந்தது, தாம் இருக்கும் இடத்தை விமானிகள் பிழையாகக் கணித்தார்கள் என்பது அதன் முடிவு.

தூரத்தை அளக்கும் டி.எம்.இ. என்னும் கருவியின் வழி வேறு. அது பழைய கணக்கைச் சுமப்பதில்லை. விமானம் ஒரு ரேடியோத் துடிப்பை அனுப்பும். தரையிலுள்ள நிலையம் சரியாக 50 மைக்ரோவிநாடி பொறுத்துப் பதில் அனுப்பும். போய்வந்த நேரத்தை அளந்தால் தூரம் வந்துவிடும். 74 கிலோமீற்றருக்கு அந்தப் போக்குவரத்து ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அதை இவ்வளவு துல்லியமாக அளக்க முடிகிறதே என்பது எனக்கு ஜெட் இயந்திரத்தைவிடப் பெரிய அதிசயம்.

தூரம் பிழைத்தாலும் மலையைப் பற்றி எச்சரிக்க வழியில்லையா? ஏழு கன்னி மலை விபத்துக்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் டி.டபிள்யூ.ஏ. விமானம் ஒன்று இறங்கும்போது மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதையடுத்து, தரை நெருங்கினால் குரல் கொடுக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் பொருத்தவேண்டும் என்று அந்நாடு கட்டாயமாக்கியது. அந்தக் கருவிக்கும் ஒரு குறை உண்டு: அது நேர் கீழேதான் பார்க்கும். செங்குத்தாக எழும் மலைமுகத்தின் முன் அதற்குச் சில விநாடிகளே கிடைக்கும். உலகின் மலைகளையெல்லாம் உள்ளே பதிந்துவைத்து, முன்னே வருவதை முன்கூட்டியே சொல்லும் கருவி 1990களில்தான் வந்தது.