அளவுக் கொப்பியும் ஒரு சேவையகமும்

பெருநாளைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது தையல்கார மாமியிடம் என்ன சொல்வோம்? நீளம் இவ்வளவு, கை இவ்வளவு, கழுத்து இப்படி என்போம். துணியை எப்படி வெட்டுவது என்று நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. அது அவரது வேலை. அளவுகளை அவர் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வார். சட்டை தொலைந்தாலும் கொப்பி இருந்தால் அதே அளவில் இன்னொன்று தைக்கலாம்.

கடந்த வருடம் எங்களிடம் இல்லாமற்போனது அந்தக் கொப்பிதான். மாணவியரின் கவிதைகளுக்காகச் சிறிய இணையத்தளமொன்றை மேகச் சேவையகத்தில் வைத்திருந்தோம். மேகம் என்றாலும் அது வானத்தில் இல்லை. தூரத்துத் தரவு மையமொன்றில் நாம் வாடகைக்கு எடுக்கும் கணினிதான். லினக்ஸில் இயங்கிய அதனை ஒரு தாத்தா கட்டளை கட்டளையாகத் தட்டி அமைத்துவிட்டுப் பல்கலைக்கழகம் போய்விட்டார். ஒருநாள் நான் மென்பொருள்களைப் புதுப்பித்தபோது தளம் நின்றுவிட்டது. முன்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, தாத்தாவுக்கும் ஞாபகமில்லை. புதிதாக நிறுவலாம் என்று எல்லாவற்றையும் அழித்தேன். கவிதைகளும் போயின.

அதன் பிறகே நிக்ஸ்ஓஎஸ் பற்றிப் படித்தேன். இதுவும் லினக்ஸ்தான். இதன் அடிப்படையான நிக்ஸ், நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஏல்கோ டொல்ஸ்ட்ரா 2003இல் தொடங்கிய ஆய்வில் உருவானது. இங்கே படிமுறைகளைச் சொல்வதில்லை. முடிவில் சேவையகம் எப்படி இருக்கவேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதுகிறோம். ‘என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையக மென்பொருள் இயங்கவேண்டும், தீச்சுவரில் 80, 443 ஆகிய வாயில்கள் மட்டும் திறந்திருக்கவேண்டும், இன்னின்ன பயனர்கள் இருக்கவேண்டும்.’ பின்னர் ஒரே கட்டளை. தேவையானவற்றைப் பெற்று, அந்த நிலைக்குக் கொண்டுவருவது நிக்ஸின் வேலை.

ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய தலைமுறையாகச் சேமிக்கப்படும். மென்பொருளின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் ஒன்று மற்றதை அழிக்காது. புதியது பிழைத்தால், நாமே நீக்காதவரை, முந்தைய தலைமுறைக்கு ஒரு கட்டளையில் திரும்பலாம். அன்று எனக்கு வேண்டியிருந்தது இதுதான்.

ஆனால் இரண்டு விடயங்களை மறக்கக்கூடாது. கடவுச்சொற்களை அந்தக் கோப்பில் எழுதக்கூடாது; எழுதினால், அச்சேவையகத்தின் எல்லாப் பயனர்களும் வாசிக்கக்கூடிய இடத்தில் அவை போய்ச் சேரும். மேலும், கோப்பு சேவையகத்தைத்தான் மீட்டுத் தரும். அதில் நாம் சேமித்தவற்றை அல்ல. அளவுக் கொப்பியால் சட்டைப் பையில் இருந்த காசைத் திருப்பித் தர முடியுமா? தரவுக்குத் தனியாகப் பிரதி எடுத்துவைக்க வேண்டும்.

தளம் இப்போது மீண்டும் இயங்குகிறது. தொலைந்த கவிதைகளில் சில, எழுதியவர்களின் கொப்பிகளில் கிடைத்தன, மற்றவை கிடைக்கவில்லை. பரீட்சை முடிந்து நானும் போய்விடுவேன். அடுத்த வருடம் பொறுப்பெடுக்கும் தங்கைக்கு அந்தக் கோப்பையும், கவிதைகளின் பிரதியையும் கொடுத்துவிட்டுத்தான் போவேன்.