துப்பாக்கி மேல் தப்பில்லை!

"மாப்ளே, உனக்கு டெபிட், கிரெடிட் எல்லாம் தெரியும்ல? ஞாயித்துக்கிழமை என்கூட ரேஞ்சுக்கு வா. நான் சுடுறேன், நீ கணக்கு எழுது!"

பி.காம். படித்தவனுக்கு நம் ஊரில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான். கல்யாண வீட்டில் மொய் எழுதச் சொல்வார்கள். கோயில் திருவிழாவில் வசூல் நோட்டைக் கையில் திணிப்பார்கள். துப்பாக்கி சுடுகிற இடத்தில் ஸ்கோர் எழுதக் கூப்பிட்டது மட்டும் புதுசு.

கூப்பிட்ட நண்பர் வங்கி அதிகாரி. வயது முப்பத்தாறு. வார நாட்களில் கடன் கேட்டு வருகிறவர்களை முறைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் டார்கெட்டை முறைப்பார். நான்கு வருடமாக கிளப்பில் பாயிண்ட் இருபத்திரண்டு பிஸ்டல் சுடுகிறார். எப்படியாவது ஒரு தடவை மாநிலப் போட்டியில் நின்றுவிட வேண்டும் என்பது அவர் கனவு.

கனவுக்கு நடுவே ஒரு வில்லன்.

"ஆரம்பத்துல நல்லாத்தான் சுடுறேன். போகப் போக சிதறுது. கிளப் துப்பாக்கி பழசு மாப்ளே, சூடானா மக்கர் பண்ணுது. சொந்தமா ஒரு ஜெர்மன் பிஸ்டல் வாங்கிட்டா கதையே வேற!"

அந்தக் கதைக்குப் பல லட்சம் ஆகும். லைசென்ஸ், இறக்குமதி அனுமதி என்று காகிதச் செலவு தனி. மகள் காலேஜுக்கென்று போட்டு வைத்திருக்கும் ஃபிக்சட் டெபாசிட்டை உடைப்பதாக முடிவு. நான் போய் இறங்கியதுமே அவர் மனைவி காபியோடு மனுவையும் கொடுத்தார்.

"அண்ணே, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. அந்த எஃப்.டி.யில கை வெச்சார்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

நண்பர் காதில் இயர் மஃப் மாட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். வசதியான சாதனம்.

இது நடந்தது 2025 மே மாதம், அக்னி நட்சத்திரத்தில். நாங்கள் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. சுடுபவர் நிற்கிற இடத்துக்கு மேலே தகரக் கூரை. எதிரே இருபத்தைந்து மீட்டர் தள்ளி டார்கெட். கூரை இருப்பது நிழலுக்கா, இட்லி அவிக்கவா என்று சந்தேகமாக இருந்தது. ஓரத்து வேப்பமரத்தடியில் பயிற்சியாளர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், நீர்மோர் தூக்கோடு உட்கார்ந்திருந்தார்.

பத்து பத்தாக பன்னிரண்டு சீரிஸ், ஆக 120 ரவுண்டு என்பது நண்பரின் திட்டம். ஒவ்வொரு சீரிஸுக்கும் நூற்றுக்கு எவ்வளவு என்று எழுதினேன். 93, 95, 94, 94, 92, 92. ஆறு சீரிஸ் கூட்டுத்தொகை 560. மனுஷர் முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை!

ஏழாவதில் 90. அப்புறம் 87, 88, 84, 83... கடைசியில் 81. இரண்டாவது பாதி 513. அதே ஆள், அதே துப்பாக்கி, அதே தோட்டா. 47 புள்ளி நஷ்டம். எந்த ஆடிட்டரும் இதற்குக் கையெழுத்துப் போடமாட்டார்.

"பார்த்தியா? சூடாயிடுச்சு!" என்று பிஸ்டலை மேஜையில் வைத்துவிட்டு முகம் துடைத்தார். கர்சீப்பைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும்.

சுபேதார் எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. அதே பிஸ்டலை எடுத்தார். மேஜை மேல் மணல் மூட்டையைப் போட்டு, அதன்மேல் கையைத் தாங்கலாக வைத்து நிதானமாக ஐந்து முறை சுட்டார். டார்கெட்டைக் கொண்டுவந்து பார்த்தோம். பத்து என்று போட்டிருக்கும் நடு வளையத்தின் குறுக்களவு ஐந்து சென்டிமீட்டர். ஐந்து ஓட்டையும் அதற்குள்ளேயே.

"துப்பாக்கி நல்லாத்தான் சார் இருக்கு. யாருக்கோ சூடாயிருக்கு. யாருக்குன்னு பார்ப்போமா?"

நான் சிரிக்கவில்லை. மொய் எழுதப் போனவன் சிரிக்கக்கூடாது.

வெயிலில் துப்பாக்கிக்கு ஒன்றுமே ஆகாது என்று சொல்ல முடியாது. சடசடவென்று சுட்டுத் தள்ளினால் குழல் காய்ந்து, அதன் மேலே கானல் எழும்பும். ரைபிளில் அது பெரிய தொந்தரவு. நிமிஷத்துக்கு ஒன்று என்று சுடுகிற பிஸ்டலில், அதுவும் இருபத்தைந்து மீட்டரில், இதெல்லாம் சில்லறை. தோட்டாப் பெட்டி வெயிலில் கிடந்தால் உள்ளே மருந்து சூடாகி வேகம் கொஞ்சம் மாறும். அதுவும் சில்லறைதான். ஆனாலும் "பெட்டியை நிழல்ல வைங்க" என்பார் சுபேதார்.

சில்லறையை விடுங்கள். நோட்டு எங்கே போகிறது?

பிஸ்டலில் இரண்டு குறி இருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம், குழல் நுனியில் ஒரு சின்னத் தகடு. தகடு பள்ளத்தின் நடுவில் வந்து நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையே சுமார் 22 சென்டிமீட்டர் தூரம். தகடு ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் இருபத்தைந்து மீட்டரில் குண்டு 11 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். பத்து கிடைக்க வேண்டிய இடத்தில் ஆறு! இந்த விகிதக் கணக்கு எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். ஒரு மில்லிமீட்டருக்குள் நாள் முழுக்கக் கையை நிறுத்தி வைப்பதுதான் வித்தை.

அந்தக் கை எதைத் தூக்குகிறது தெரியுமா? இந்தப் போட்டிகளில் பிஸ்டல் 1.4 கிலோ வரை இருக்கலாம். ஒற்றைக் கையால்தான் பிடிக்க வேண்டும். வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு கையில் பிடித்து, கையைத் தோள் மட்டத்துக்கு நீட்டிப் பாருங்கள். முதல் தடவை ஜோராக இருக்கும். அதையே நூற்றிருபது தடவை செய்யச் சொன்னால் பாட்டிலை என் மேலேயே வீசுவீர்கள். தோள் தளரத் தளர நுனி ஆட ஆரம்பிக்கும். ஆடுகிறதே என்று இன்னும் கொஞ்ச நேரம் காத்திருப்போம். காத்திருக்கிற ஒவ்வொரு நொடியும் ஆட்டம் கூடும். கண்ணும் ஒரே இடத்தை முறைத்து முறைத்து, தகட்டைத் தெளிவாகப் பார்ப்பதை விட்டுவிடும். ஏழெட்டு நொடிக்குள் வெடி கிளம்பவில்லையா, கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கு என்பது பழைய பாடம். நண்பர் எட்டாவது சீரிஸுக்கு அப்புறம் கையை இறக்கவே இல்லை. ரோஷம்!

இதில் வெயில் வந்து சேர்ந்துகொள்கிறது. உடம்பு சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடும். வியர்வையாக நீர் போகப் போக ரத்தத்தின் அளவு குறையும். குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு அதே வியாபாரம் நடக்க வேண்டுமானால் இதயம் கூடுதல் தடவை அடித்தாக வேண்டும். அந்தத் துடிப்பு தோள் வழியாக, மணிக்கட்டு வழியாக, அந்தச் சின்னத் தகடு வரைக்கும் வந்து ஒரு துள்ளு துள்ளும்.

இந்தத் துள்ளல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தி நடுக்கத்தைக் குறைக்கிற மாத்திரைகள் இந்த விளையாட்டில் தடை செய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு பிஸ்டலில் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் வாங்கினார். பரிசோதனையில் ப்ரொப்ரனலால் என்ற மருந்து அகப்பட்டது. இரண்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். மற்ற விளையாட்டில் வேகத்துக்கு மருந்து தின்று மாட்டுவார்கள். இதில் நிதானத்துக்கு!

உடம்பு எடையில் இரண்டு சதவிகிதம் நீர் போனாலே கவனமும் உழைப்பும் சறுக்கத் தொடங்கும் என்பார்கள். எழுபது கிலோ ஆசாமிக்கு அது 1.4 லிட்டர். தாகம் எடுப்பதற்குள் அதில் ஒரு பங்கு போய்விட்டிருக்கும். நம் கடற்கரை ஊர்களில் காற்றே ஈரம். வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, சட்டையைத்தான் நனைக்கும். நண்பர் காலையிலிருந்து குடித்தது இரண்டு டம்ளர் காபி.

"தாகமே எடுக்கலை மாப்ளே."

"உங்களுக்கு எடுக்கலை. டார்கெட்டுக்கு எடுத்துருக்கு, பாருங்க" என்று சுபேதார் 81 வாங்கிய அட்டையைக் காட்டினார். ஓட்டைகள் கலைந்து கிடக்கவில்லை. முக்கால்வாசி இடது பக்கம் கீழே குவிந்திருந்தன. என் நோட்டில் இல்லாத விஷயம் இது. நான் எவ்வளவு என்றுதான் எழுதினேன், எங்கே என்று எழுதவில்லை.

"குழல் சூடாகி இப்படி ஆகாது சார். இது விரல்."

வியர்த்த கையில் பிடி வழுக்கும். வழுக்குகிறதே என்று இறுக்குவோம். இந்தப் பிஸ்டலில் ட்ரிகர் குறைந்தது ஒரு கிலோ கனமாவது இருக்க வேண்டும் என்பது விதி. விரல் மட்டும் தனியாக, மெதுவாகப் பின்னால் வந்தால் குறி கலையாது. களைத்த கையில் ஐந்து விரலும் ஒரே சமயத்தில் பிழியும். வலது கைக்காரர்களுக்கு அப்போது நுனி இடது கீழ்ப் பக்கமாக இறங்கும். கூடவே காதடைக்கிற சத்தம் வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே ஒரு வெட்டு வெட்டும். சுடுகிறவருக்கே தெரியாது. வெடிச் சத்தத்திலும் உதறலிலும் அது மறைந்துவிடும்.

அதைப் பிடிக்க சுபேதார் ஒரு வேலை செய்தார். "இன்னும் அஞ்சு சுடுங்க" என்று மேகசினை அவரே நிரப்பிக் கொடுத்தார். நடுவில் ஒரு டம்மி தோட்டா. எந்த இடத்தில் என்று சொல்லவில்லை.

டமார். டமார்.

டிக்.

சத்தம் வரவில்லை. துப்பாக்கி உதறவில்லை. ஆனால் பிஸ்டல் நுனி தானாகவே இரண்டு விரற்கடை கீழே குனிந்து கும்பிடு போட்டது. கண்ணும் இறுக மூடியிருந்தது. நான் பார்த்தேன். நண்பரும் உணர்ந்தார். பாத்ரூமில் பாடியதை யாரோ டேப்பில் பிடித்துப் போட்டுக் காட்டினால் முகம் எப்படி ஆகும்? அப்படி ஆனது.

"காலையிலயும் இப்படித்தான் குனிஞ்சேனா?"

"காலையில நல்லா இருந்தீங்க. ஆறு சீரிஸோட மூட்டை கட்டியிருக்கணும். மேட்ச்ல எத்தனை ரவுண்டு?"

"அறுபது."

"அப்புறம் எதுக்கு நூத்தி இருபது? ரெண்டாவது அறுபதுல நீங்க கத்துக்கிட்டது இந்தக் குனியறதைத்தான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காசு குடுத்து அதைப் பழகிட்டிருக்கீங்க."

தோட்டா விலையை நினைத்துப் பார்த்தேன். நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகளைப் பெருக்கிப் பார்த்தேன். விடையைச் சொல்லி ஒரு குடும்பத்தில் குழப்பம் விளைவிக்க விருப்பமில்லை.

துப்பாக்கியே கழுத்தறுப்பதும் உண்டு. 2020 டோக்கியோ ஒலிம்பிக் (நடந்தது 2021-ல்) தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் பாதியில் பழுதாகி, சரி செய்வதற்குள் நிமிஷங்கள் பறந்து, இறுதிச் சுற்று கைநழுவிப் போனது. 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கித் தீர்த்துக்கொண்டார். ஆனால் அந்த மாதிரிப் பழுது சட்டென்று நின்றுவிடுகிற ரகம். 93, 90, 87 என்று நாகரிகமாகப் படி இறங்காது.

வீட்டுக்குத் திரும்பும்போது நண்பர் ஒரு மணி நேரம் பேசவில்லை. ரேஞ்சில் கையை சோப்புப் போட்டுக் கழுவ வைத்து (தோட்டாவில் ஈயம், வாய்க்குப் போகக்கூடாது) சுபேதார் கொடுத்த நீர்மோரை மட்டும் மூன்று டம்ளர் குடித்திருந்தார். வாசலில் மனைவி நின்றார்.

"எஃப்.டி. மெச்சூர் ஆகட்டும்" என்றார் நண்பர். அவ்வளவுதான். அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு அன்று மத்தியானம் வஞ்சிரம் வறுவல் கிடைத்தது.

அடுத்த வாரத்திலிருந்து காலை ஆறு மணிக்கே ரேஞ்ச். அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பம். பத்து ரவுண்டுக்கு ஒரு தடவை நாற்காலியில் உட்கார்ந்து தோளைத் தொங்கப் போடுகிறார். உள்ளங்கைக்குத் தனித் துண்டு, நெற்றிக்குத் தனிப் பட்டை. மேகசினை சுபேதார்தான் நிரப்புகிறார், எதில் டம்மி என்று தெரியாது. அறுபது முடிந்தால் எட்டரைக்கு டிபனுக்கு வீட்டில். ஜூலையில் நடந்த தேர்வில் தேறி, மாநிலப் போட்டியிலும் நின்றார். பதினேழாவது இடம். அதே கிளப் துப்பாக்கி.

இவ்வளவும் பார்த்த பிறகு எனக்கும் கை துறுதுறுத்தது. ஒருநாள் சுபேதாரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே பத்து ரவுண்டு கொடுத்தார். சுட்டேன். டார்கெட்டைக் கொண்டுவந்தால் ஆறு ஓட்டைதான் இருந்தது. மீதி நாலு எந்தக் கணக்கில் போனதென்று தெரியவில்லை.

"வெயில் ஜாஸ்தி சார்" என்றேன்.

சுபேதார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி காலை ஆறே முக்கால்.