காதோரக் கட்டி: அறுவைக்குப் பின் முகம் என்ன ஆகும்?

காது மடலுக்குக் கீழே, தாடை வளைவில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. வலியோ காய்ச்சலோ இருக்காது. அதனாலேயே பலர் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பொன்னுக்கு வீங்கி என்றால் சில நாட்களில் வற்றிவிடும். வற்றாமல் மெல்ல வளர்ந்தால், அது 'பரோட்டிட்' எனும் உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டியாக இருக்கலாம்.

இந்தச் சுரப்பியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் புற்றுநோய் அல்ல. ஆனாலும் அதிகம் காணப்படும் 'பிளியோமார்ஃபிக் அடினோமா' நாளடைவில் புற்றாக மாறக்கூடும். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால், ஒட்டியிருக்கும் துணுக்கிலிருந்து மறுபடி வளரக்கூடும். எனவே ஊசிப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்தபின், சுற்றியுள்ள சுரப்பித் திசுவோடு சேர்த்தே அகற்றுகிறார்கள்.

நோயாளிகளின் பெரிய பயம், 'முகம் கோணிவிடுமோ' என்பதுதான். முக நரம்பு இந்தச் சுரப்பிக்குள் ஓடித்தான் கிளை பிரிகிறது. கண்ணை மூடுவதும் உதட்டை அசைப்பதும் அதன் வேலை. ஆகவே அறுவை மருத்துவர் முதலில் நரம்பைக் கண்டுபிடித்து, கிளை கிளையாகப் பின்தொடர்ந்து, அதைக் காத்தபடியே சுரப்பியை எடுக்கிறார். முழு மயக்கத்தில் சில மணி நேரம் ஆகும்.

கசிவை வெளியேற்றும் குழாயைப் பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள்; தையல் பிரிக்க ஒரு வாரம் ஆகலாம். காது மடல் மரத்துப்போவது சகஜம். சவரம் செய்யும்போதும் தோடு போடும்போதும் கவனம் தேவை. சிலருக்கு உதடு இழுக்கும், கண் முழுதாக மூடாது. நரம்பு அறுபடாமல் இருந்தால், பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் சரியாகிவிடும். அதுவரை கண்ணுக்குச் சொட்டு மருந்து அவசியம்.

மாதங்கள் கழித்து, சாப்பிடும்போது கன்னம் சிவந்து வியர்க்கலாம். 1923இல் இதை விரிவாக விளக்கிய போலந்து மருத்துவர் லூசியா ஃப்ரேயின் பெயரால் 'ஃப்ரே சிண்ட்ரோம்' என்கிறார்கள். ஆபத்தில்லை, தொல்லை அதிகமானால் போட்டாக்ஸ் ஊசி உதவும். மற்ற சுரப்பிகள் இருப்பதால் வாய் பொதுவாக வறண்டுபோகாது.

அறுவைக்குப் பின் வீக்கம் வேகமாகப் பெருத்தாலோ, மூச்சு முட்டினாலோ, காய்ச்சலோடு சீழ் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கட்டி சிறிதாக இருக்கும்போது நரம்பைக் காப்பது எளிது. காதோரம் கட்டி தென்பட்டால், வலிக்கட்டும் என்று காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.