மார்க்கு மட்டும் போதுமா?

குற்றாலச் சாரல் தென்காசியை எட்டிப் பார்ப்பது ஜூன் மாதத்தில். அதற்கு முன்பே, மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்து பல வீடுகளில் இடி இடித்துவிடுகிறது! "பக்கத்து வீட்டுப் பெண் 450 வாங்கியிருக்கிறாள், உனக்கென்னடி குறைச்சல்?" என்று கேட்காத தாய்மார்கள் எத்தனை பேர்?

குறைச்சல் புத்தியில் இல்லாமலிருக்கலாம். 1905-ல் பிரான்ஸில் ஆல்பிரட் பினே புத்தியை அளக்கும் சோதனையை வகுத்ததுகூட, யாருக்கு அதிக உதவி தேவை என்று அறியத்தான். பிள்ளைகளை ஏணியில் ஏற்றி இறக்க அல்ல. புத்தியிருந்தும் பரீட்சை ஹாலில் கவலை மனத்தை அடைத்துக்கொண்டால், படித்தது பேனாவுக்கு வந்து சேராது. பயத்தை அடக்கவும், தோல்வியைத் தாங்கவும், மறுபடி உட்கார்ந்து படிக்கவும் தெரிவதே மனப்பக்குவம். அதற்கு முதல் பள்ளிக்கூடம் வீடுதான்.

2017-ல் தமிழக அரசே மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது. தவறியவர்களுக்குத் துணைத் தேர்வும் வைக்கிறது. அரசு கைவிட்ட வரிசையை நாம் அடுப்பங்கரையில் தொடர வேண்டுமா?

முடிவு வரும் நாளில் முதலில் சாதம் போடுங்கள். எந்தப் பாடத்தில் தடுமாற்றம் என்று மறுநாள் கேளுங்கள்.

அருவியில் முதன்முதலாக நிற்கும் குழந்தை திணறத்தான் செய்கிறது. கையைப் பிடித்துக்கொள்கிறோமே தவிர, அடுத்தவர் பிள்ளையைக் காட்டித் திட்டுவதில்லையே!