சமையல் மேடையில் இருப்பது எந்தக் கல்?

கேரளத்தின் இடுக்கி மலையில் இருக்கும் குமுளிப் பக்கத்துச் சமையலறைகளில் இரண்டு விதமான கறுப்புக் கல்லைப் பார்க்கலாம். ஒன்று, ஆந்திராவிலிருந்து வரும் கடப்பா கல். பழைய வீடுகளில் அடுப்பு மேடை, அலமாரித் தட்டு, தண்ணீர்க் குடம் வைக்கும் திட்டு எல்லாமே அதுதான். இன்னொன்று, பிற்பாடு கட்டிய வீடுகளில் பளபளக்கும் கறுப்பு கிரானைட். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. மேடையைத் துடைத்து ஈரம் காயாத நேரத்தில் எது எது என்று சொல்வதுகூடக் கஷ்டம். ஆனால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு பட்டால் போதும், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பது வெளிப்பட்டுவிடும்.

கேஸ் சிலிண்டர் மறைக்கிற மூலையாகப் பார்த்து அந்தச் சொட்டை விடுங்கள். கிரானைட்டில் அது அப்படியே நிற்கும். துடைத்தால் தடம் இருக்காது. கடப்பா கல்லில் குனிந்து பார்த்தால் சொட்டின் அடியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் கறுப்பு போய், சாம்பல் பூத்த ஒரு வட்டம் தெரியும். விரலால் தடவினால் சொரசொரக்கும். பெரும்பாலானவர்கள் அதைக் கறை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் எலுமிச்சை போட்டுத் தேய்ப்பார்கள். அது கறை அல்ல. அந்த இடத்தில் இருந்த கல்லே கரைந்து போயிருக்கிறது.

கடப்பா கல் ஒரு சுண்ணாம்புக் கல். விலங்குகள் கடலை விட்டு நிலத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே, ஆழமில்லாத கடலடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புச் சேறு அது. வேதியியல் பெயர் கால்சியம் கார்பனேட். மார்பிளும் இதே பொருள்தான். சுண்ணாம்புக் கல் பூமிக்குள் வெந்து மறுபடியும் படிகமானால் மார்பிள். எந்த அமிலம் பட்டாலும் கால்சியம் கார்பனேட் உடையும். கார்பன் டை ஆக்சைடு வாயுவாக வெளியேறும், அதுதான் அந்தக் குமிழி. கால்சியம் சாற்றோடு கலந்து துணியோடு போய்விடும்.

இந்த வினை எவ்வளவு வலியது என்பதைப் பார்க்க ஆந்திராவின் பேலம் குகைக்குப் போகலாம். நர்ஜி சுண்ணாம்புக் கல் என்று புவியியலாளர்கள் அழைக்கும் பாறை வரிசையில் அமைந்த குகை அது. கடப்பா, கர்னூல் வட்டாரத்திலிருந்து பலகையாக அறுத்து அனுப்பப்படும் கறுப்புக் கல்லும் அந்த வரிசையைச் சேர்ந்ததுதான். மழைநீர் காற்றிலிருந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகி, விரிசல் வழியே இறங்கி, அளந்தவரை 3,229 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்துவிட்டது. மழைநீரின் பிஎச் அளவு ஏறக்குறைய 5.6. எலுமிச்சைச் சாற்றுக்கு அது 2 சொச்சம். இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். ஆக, பாறையைக் குடைந்து குகையாக்கிய நீரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கடுமையான திரவத்தைத்தான் நாம் ரசத்துக்குப் பிழியும்போது மேடையில் சிந்துகிறோம்.

கிரானைட் கதை வேறு. கல் கடையில் கிரானைட் என்று விற்பதெல்லாம் புவியியல் கணக்கில் கிரானைட் இல்லை. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பு, எரிமலைக் குழம்பு நிலத்தடி விரிசல்களில் உறைந்து உண்டான டாலரைட் வகை. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் வெட்டி எடுத்து, ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் உலகமெங்கும் போன வெள்ளைக் கல், செந்நிறக் கார்னெட் மணிகள் பதிந்த ஒரு உருமாற்றப் பாறை. மதுரைப் பக்கத்துப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் 900 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் வெந்தவை. இடுக்கி மலைகளில் பரவலாகக் கிடக்கும் சார்னோக்கைட்டும் அப்படிப்பட்ட வெப்பத்தில் பிறந்த பாறைதான். அதற்குப் பெயர் வந்த விதம் விசித்திரமானது: கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். கல் போனது சென்னைப் பல்லாவரத்திலிருந்து.

இந்தப் பாறைகளில் சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்து நிற்கின்றன. எலுமிச்சை, புளி, வினிகர் எதனாலும் அந்தப் பிடியைச் சட்டென்று பிரிக்க முடியாது. கடினத்திலும் அப்படியே. மோஸ் அளவுகோலில் கிரானைட்டுக் கனிமங்கள் பெரும்பாலும் 6 முதல் 7 வரை. சுண்ணாம்புக் கல்லும் மார்பிளும் 3. செங்கல் பொடியிலும் மணல் கலந்த சாம்பலிலும் இருக்கும் குவார்ட்ஸ் துகள் 7. பாட்டி காலத்துச் செங்கல் பொடி பித்தளைக் குடத்துக்குச் சரி, கடப்பா மேடைக்கு ஆகாது.

குமுளிக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தைக் காட்ட வேறு எங்கும் கூட்டிப் போக வேண்டியதில்லை. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, கருங்கல்லைச் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் சேர்ந்த சாந்தால் கட்டியது. நூறாண்டுக்கு மேல் தண்ணீரில் நிற்கும் அந்தக் கருங்கல்லில் அரிப்பு என்று பேச்சில்லை. பொறியாளர்கள் கவனித்த சிக்கல்களில் ஒன்று, சாந்திலிருந்து சுண்ணாம்பு நீரோடு கசிந்து வெளியேறுவது. அதற்காகவே 1930-களில் துளையிட்டு சிமெண்ட் பால் செலுத்தினார்கள். 1979-க்குப் பிறகு கான்கிரீட்டும் இரும்பு வட நங்கூரமும் கொண்டு பலப்படுத்தினார்கள். கருங்கல் தாங்கும், சுண்ணாம்பு கரையும். சமையலறைக்கும் இதே விதிதான்.

இதனால்தான் ‘இயற்கை முறைச் சுத்தம்’ என்ற பெயரில் பரவும் யோசனைகள் எனக்குக் கவலை தருகின்றன. வினிகரால் துடை, எலுமிச்சைத் தோலால் தேய், ஆரஞ்சுத் தோலையும் வெல்லத்தையும் ஊறவைத்து பயோ என்சைம் செய்து மேடையில் தெளி என்கிறார்கள். மூன்றும் அமிலம். ஊறவைத்த அந்தத் திரவத்தில் சேர்ந்திருப்பது பெரும்பாலும் வினிகரில் உள்ள அதே அசெட்டிக் அமிலம். கடப்பாவிலும் மார்பிளிலும் இவை பளபளப்பைத் தின்னும். கிருமியைக் கொல்வதிலும் இவற்றை நம்ப முடியாது. மீன் குழம்புக்கு ஊறப்போட்ட குடம்புளித் தண்ணீர், புளிக்கரைசல், தயிர், தக்காளிச் சாறு சிந்தினாலும் காயவிடாமல் உடனே துடைத்துவிட வேண்டும். கிரானைட் வைத்திருப்பவர்கள் இதற்கெல்லாம் பதற வேண்டாம். ஆனால் மேலூர் வெள்ளைக் கல்லில் ஆசிட் ஊற்றிக் கழுவினால் கார்னெட்டில் இருக்கும் இரும்பு துருவாகக் கிளம்பி மஞ்சள் புள்ளிகள் விழும். துருக்கறை நீக்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கிறது. அதற்குக் கிரானைட்டும் தோற்கும். மனிதக் கையும் தோற்கும். அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது.

அப்படியானால் எதைக் கொண்டு துடைப்பது? பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு மூன்று சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி. இவ்வளவுதான். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கோடு அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவும் சேர்ந்து கிளம்பி வந்துவிடும். வெளியுறை கொழுப்பால் ஆன வைரஸ்களை சோப்பு பிய்த்தே போடும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். சோப்பு தங்கினால் மேடை மங்கிப்போகும். அன்றாடத்துக்கு இதுவே போதும்.

கோழியோ மீனோ அறுத்த அன்றைக்கு மட்டும் இன்னொரு படி தேவை. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா இருக்கலாம். உணவும் ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஈ.கோலை போன்ற பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். மேடையில் தெறித்த ஒரு சிறு துளியை மதியம் முழுக்க விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். இங்கே வரிசை முக்கியம்: முதலில் கழுவு, பிறகு கிருமிநாசினி. ரத்தமும் கொழுப்பும் இருக்கும் இடத்தில் ப்ளீச்சை ஊற்றினால் அதன் குளோரின் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சமிருக்காது.

எந்தக் கல்லுக்கும் ஒத்துவருவது 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். 99 சதவீதம் இன்னும் வலியதாக இருக்குமே என்று தோன்றும். உண்மை நேர்மாறு. கிருமியின் புரதம் குலைவதற்குத் தண்ணீரும் வேண்டும். தண்ணீர் இல்லாத ஆல்கஹால் வேலை முடியுமுன்பே ஆவியாகிவிடும். மேடை அரை நிமிடமாவது நனைந்தபடியே இருக்கும் அளவுக்குத் துடைத்து, தானாகக் காயவிட வேண்டும். அடுப்பு எரியும்போது கிட்டவே போகக் கூடாது. பற்றிக்கொள்ளும், சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாமலும் போகலாம்.

ப்ளீச் திரவம்தான் கையில் இருக்கிறது என்றால், 5 சதவீதம் என்று அச்சிட்ட பாட்டிலிலிருந்து 20 மில்லியை ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். ஒரு நிமிடம் நனைந்திருக்கவிட்டு, நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலக்குங்கள். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் முழுக்க வீடு கழுவ ப்ளீச்சிங் பவுடர்தான் கைகொடுத்தது. சேறு புகுந்த வீட்டுக்கு அது சரி. ஆனால் தினமும் மேடையில் போட்டால் பாலிஷும் கறை தடுக்கும் சீலர் பூச்சும் தேய்ந்து, வெள்ளைப் பூச்சுதான் மிஞ்சும்.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஈரம். ஆடி மாதச் சாரலில் இங்கே எதுவும் காயாது. பாக்டீரியாவில் பல வகை, காய்ந்த பளபளப்பான பரப்பில் வெகு நேரம் பிழைத்திருப்பதில்லை. ஈரத் துணியிலோ செழித்து வளரும். சிங்க் ஓரத்தில் முடிச்சாகக் கிடக்கும் கரித்துணிதான் பல வீடுகளில் மேடையைவிட அழுக்கானது. அதைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். கடைசித் துடைப்பைக் காய்ந்த துணியால் முடியுங்கள். செலவே இல்லாத கிருமிநாசினி அது.

மஞ்சள் கறையில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளைக் கல்லில் சாம்பார் சிந்திய இடத்தை சோப்பு போட்டுத் துடைத்தால் மஞ்சள் சட்டென்று சிவக்கும். பயப்பட வேண்டாம். மஞ்சளின் நிறமான குர்குமின், காரம் பட்டால் சிவக்கும். கழுவினால் மறுபடி மஞ்சளாகும். அதற்கு உண்மையான பகை வெயில். ஒளி பட்டால் குர்குமின் மூலக்கூறு சிதைந்து வெளுத்துவிடும். ஜன்னலோர மேடை என்றால் இரண்டொரு நாள் வெயிலே போதும். எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டால் எண்ணெயை மெல்ல உறிஞ்சி எடுக்கும். கம்பி நார் மட்டும் வேண்டாம். அது விட்டுப்போகும் இரும்புத் துணுக்குகள் துருப்பிடித்துப் புதுக் கறை போடும்.

சீலர் போட வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். மேடையில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் பாருங்கள். அந்த இடம் கருத்தால் கல் தண்ணீர் குடிக்கிறது, சீலர் தேவை. கருக்கவில்லை என்றால் தேவையில்லை. சீலர் தடுப்பது கறையை மட்டுமே. கடப்பாவுக்கும் மார்பிளுக்கும் எத்தனை பூச்சு போட்டாலும் எலுமிச்சை தன் வேலையைக் காட்டும். கடப்பா மேடையைக் கறுப்பாகக் காட்டத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். எண்ணெய் சிக்கு பிடித்துத் தூசியையும் கிருமியையும் சேர்த்து வைக்கும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கழிவறை கழுவும் ஆசிடை மேடைக்குக் கொண்டுவராதீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் மேல் ப்ளீச் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் நச்சு வாயுவாகப் பயன்பட்ட அதே குளோரின். குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடி வைத்திருக்கும் மலை வீட்டுச் சமையலறையில் அது நுரையீரலைப் பதம் பார்க்க ஒரு வாளி அளவு தேவையில்லை. ப்ளீச் பாட்டிலும் ஆசிட் பாட்டிலும் உங்கள் வீட்டில் ஒரே தட்டில் இருந்தால், இன்றைக்கே பிரித்து வையுங்கள்.