கேக் வெட்டும் முன்பே தொண்டை கட்டுவது ஏன்?

பிறந்தநாள் விழாவில் ஸ்பீக்கர் ஒலிக்கத் தொடங்கிய சற்று நேரத்தில் ஹால் முழுக்கக் கத்திப் பேசிக்கொண்டிருக்கும். யாருக்கும் யார்மீதும் கோபமில்லை. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911-இல் இதை விவரித்ததால் ‘லொம்பார்ட் விளைவு’ என்று பெயர். ஒரு மேசையின் பேச்சு பக்கத்து மேசைக்கு இரைச்சல். அங்கேயும் குரல் ஏறும். பாட்டே கேட்கவில்லையே என்று யாராவது வால்யூமைத் திருகிவிட்டால் தீர்ந்தது!

ஆகவே விருந்தினர் நலம் விசாரிக்கும் நேரத்தில் பாட்டு தணிந்தே இருக்கட்டும். ஒரே பெட்டியை மூலையில் அலறவிடுவதைவிடச் சிறிய ஸ்பீக்கர்களைப் பரவலாக வைப்பது மேல். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். கடைசி வரிசைக்கு எட்டட்டும் என்று கூட்டினால், பெட்டிக்கு முன்னால் குதிக்கும் குழந்தைகளின் காதுதான் அடிவாங்கும்.

ஆட்டத்துக்குக் கணக்கு வேறு. மனித நடை நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 எட்டு. நடனப் பாடல்கள் பலவற்றின் தாளமும் அந்த வேகத்தை ஒட்டியே ஓடுகிறது.

சரி, வாழ்த்துப் பாட்டில் மட்டும் ஏன் எல்லோரும் சுருதி விலகுகிறார்கள்? எளிய மெட்டுபோலத் தோன்றினாலும், மூன்றாம் அடியில் அது கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமத்துக்கு ஒரு முழு ஸ்தாயி தாவுகிறது. உற்சாகத்தில் உச்சத்தில் தொடங்கியவர்கள் அங்கே திணறி, ஆளுக்கொரு சுருதிக்கு இறங்கிவிடுவார்கள். தாழ்ந்த குரல்காரர் ஒருவரை முதல் அடியை எடுத்துக்கொடுக்கச் சொல்லலாம்.